கடைசிப் பாட்டின் மூன்றாம் சரணம்

வெர்ன் ஹாஸ்கெல் என்ற பெயரைச் செங்கல்பட்டு ஜில்லாவில் நாலு பேர் கேட்டிருந்தால் அதிசயம். அந்த நாலு பேரில் இரண்டு பேருக்கு நான் சொல்லித்தான் தெரியும். அமெரிக்காவில் ஏதோ ஒரு மலையடிவாரத்தில் பிறந்து, கிடாரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்ப் போய்ப் பாடிய மனுஷன். ஒரே ஒரு எல்.பி. ரெக்கார்டு போட்டான் என்று நினைக்கிறேன். அதில் பத்துப் பாட்டு. ஒன்பதரைப் பாட்டை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். மிச்சம் அரைப் பாட்டுக்காகப் பதினாலு வருஷம் நாயாய் அலைந்தேன். அந்த அரைப் பாட்டை நாசம் பண்ணினவனும் நானேதான், அதனால் யாரையும் திட்டவும் வழியில்லை.

என் பெயர் முனிரத்தினம். ஒரகடம் கூட்டுரோட்டில் மைக் செட் கடை. கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றுவது, கட்சிக் கூட்டம், சாவு எதுவானாலும் இரண்டு குழாய் ஸ்பீக்கரை மரத்தில் கட்டி, ரெக்கார்டு போட்டு, சுற்றுவட்டாரத்துக்கே சேதி சொல்வது என் வேலை. பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். "யோவ், மைக் செட்டு!" அவ்வளவுதான். அப்பன் வைத்த பேர் ரேஷன் கார்டோடு சரி.

அறுபத்தேழாம் வருஷம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் ரூத் என் கடைக்கு வந்தாள். மார்போடு ஒரு ரெக்கார்டை அணைத்திருந்தாள். அவளுடைய அப்பா ஜெபமணி, செங்கல்பட்டில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். பாதிரியார் மூட்டை கட்டி ஊருக்குப் போகும்போது ஜெபமணிக்கு ஒரு ஜோடி பூட்ஸும், அடுக்களை வாசலில் நின்று பாட்டுக் கேட்கிற பெண்ணுக்கு அந்த ரெக்கார்டும் கொடுத்துவிட்டுப் போனாராம். சேரப்பணஞ்சேரியில் அவர்கள் வீட்டில் ரெக்கார்டு போட மெஷின் ஏது? ஒரு வருஷமாக உறையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"கடைசிப் பாட்டு மட்டும் போடுறீங்களா? ஒரே ஒரு தடவை," என்றாள்.

"அதுக்கு இன்னா டீச்சர், தாராளமா," என்று வாங்கினேன்.

தாராளமாகத்தான் கெடுத்தேன். அந்தக் காலத்தில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கனத்த பழைய ரெக்கார்டு. இரும்பு ஊசி மாட்டின பாரமான தலையை அதன் மேல் வைத்தால் கணீரென்று பாடும். எல்.பி. மெல்லிசு, அதற்கு நுனி மழுங்காத வேறு ஊசி, பூப்போல இறங்குகிற வேறு தலை என்பதெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள்? வேகத்தைக் குறைத்து, புது இரும்பு ஊசி ஒன்றைப் பெருமையாக மாட்டி, கடைசிப் பாட்டின் மேல் வைத்தேன். ஒரு கிடார். பிறகு ஒரு குரல். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு சரணம் முடிகிற நேரத்தில் கண்ணைத் திறந்தவள், ஊசி போகிற வழியெல்லாம் கறுப்புத் தூள் சுருள் சுருளாய் எழும்புவதைப் பார்த்து, "ஐயோ, எடுங்க, எடுங்க!" என்று கத்தினாள். நான் பதறிப்போய் ஊசித் தலையை வெடுக்கென்று இழுத்தேன். இரும்பு ஊசி அங்கிருந்து நடு லேபிள் வரைக்கும் ஒரு கோடு கிழித்தது. ஏர் உழுத மாதிரி இருந்தது.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. கோட்டை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள். "பரவாயில்லைங்க. உங்களுக்கு என்ன தெரியும்," என்றாள். அந்த வார்த்தை இன்றைக்கும் நெஞ்சில் முள்ளாய் நிற்கிறது.

ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. மறு வாரம் பட்டணம் போய் எல்.பி.க்கான சரியான மெஷினை வாங்கி வந்து, பள்ளிக்கூட வாசலில் நின்றேன். "டீச்சர், மீதி ஒம்பது பாட்டு கீது இல்ல? அதையாவது கேளுங்க," என்றேன்.

அப்படித்தான் சனிக்கிழமைகள் ஆரம்பித்தன. ரெக்கார்டும் புது மெஷினோடு என் கடையிலேயே தங்கிவிட்டது. அரை நாள் பள்ளி முடிந்ததும் வருவாள். துணைக்கு அன்னபுஷ்பம் டீச்சர். அந்தம்மா பரீட்சைப் பேப்பரைத் திருத்திக்கொண்டே வேர்க்கடலை தின்பாள், இரண்டாம் பாட்டில் கொட்டாவி விடுவாள், நாலாம் பாட்டில் தூங்கிவிடுவாள். "மைக் செட்டு அண்ணே, இந்த ஆளுக்கு உடம்பு சரியில்லையா? இப்படி முனகுறாரே?" என்பாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ரூத் வாயைப் பொத்திச் சிரிப்பாள். அன்னபுஷ்பம் டீச்சருக்கு நான் அண்ணே. ஊரில் இருக்கிற எல்லா டீச்சருக்கும் அண்ணே. ரூத் ஒரு நாள்கூட என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை. அதுகூட அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை, மரமண்டை.

முதலில் எனக்கும் அந்தப் பாட்டுகள் பிடிபடவில்லை. நம்ம சினிமாப் பாட்டென்றால் ஐம்பது வயலின் எழுந்து நிற்கும், தபேலா உருளும். இங்கே ஒரு கிடார், ஒரு குரல். அதுவும் பாடுகிற குரலில்லை. வாசலில் உட்கார்ந்து பேசுகிற குரல். வரி ஆரம்பிக்கும் முன் மூச்சு இழுப்பது கேட்கும். கம்பி மேல் விரல் நகரும்போது கீச்சென்று ஒரு சத்தம். மூன்றாவது பாட்டில் நாற்காலி கிறீச்சிடும். "இதெல்லாம் கெட்டுப்போன ரெக்கார்டிங் இல்லியா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க. ஆள் அங்கே இருக்கான்னு அர்த்தம்," என்றாள் ரூத்.

அதற்குப் பிறகு என் காது திறந்தது. ஒவ்வொரு பாட்டாய் அர்த்தம் சொல்வாள். ஒன்று, கோதுமை காய்ந்துபோன வருஷத்தில் அம்மாவுக்கு எழுதும் கடுதாசி. இன்னொன்று, சுரங்கத்துக்குப் போன தம்பியின் செருப்பைத் தன் காலில் போட்டுக்கொண்டு நடக்கிறவன். இதெல்லாம் ஒரு பாட்டா என்று கேட்டால், ஆமாம், இதுதான் பாட்டு என்று சண்டைக்குப் போவேன். நம் ஊரில் ஒருத்தர் எழுத, ஒருத்தர் மெட்டுப் போட, ஒருத்தர் பாட, இன்னொருத்தர் வாயசைப்பார். ஹாஸ்கெல் தானே எழுதித் தானே பாடுகிறான் என்று அவள் சொன்னபோது நான் நம்பவில்லை.

"தன் மனசுல இருக்கிறதைத் தானே எழுதித் தானே பாடினா, பொய் சொல்ல முடியாதில்ல?" என்றாள். எங்கோ பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

அந்த வருஷம்தான் நான் ஒரு வேலை ஆரம்பித்தேன். வஞ்சுவாஞ்சேரி, மாத்தூர் என்று சேரப்பணஞ்சேரிக்குக் கிட்டே எங்கே செட் கட்டினாலும், சாயங்காலம் எல்லாம் முடிந்து ஒயரைச் சுற்றும் முன், மரத்தில் ஏறி ஒரு குழாயை அவள் வீட்டுப் பக்கம் திருப்புவேன். ஹாஸ்கெலின் ஏதாவது ஒரு பாட்டைப் போடுவேன். காற்று சரியாக இருந்தால் கேட்கும். ஊரில் கிடார் வந்தால் அது வேதக்காரர் பாட்டு என்று முடிவு. மாத்தூர் அம்மன் கோயில் தர்மகர்த்தா, "இன்னாய்யா, எங்க திருவிழாவுல யேசு பாட்டு போடுற?" என்று மரத்தடிக்கே சண்டைக்கு வந்தார். அது லாரி டிரைவர் பாட்டு என்றால் நம்புவாரா? சேரப்பணஞ்சேரி சர்ச்காரர்களோ, ரொம்ப உருக்கமாக இருக்கிறது என்று பெரிய வெள்ளிக்கிழமைக்கு அதே பாட்டைப் போடச் சொன்னார்கள். குடித்துவிட்டு லாரியைப் பள்ளத்தில் விட்டவன் புலம்புகிற பாட்டுக்குச் சபையே மண்டியிட்டுக் கண்ணைத் துடைத்தது. பெண்கள் பக்கத்தில் முந்தானையைக் கடித்துக்கொண்டு குலுங்கினவள் ரூத் ஒருத்திதான். அவள் அழுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

குழாயைத் திருப்புவது பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் படித்த டீச்சர், வேதக்காரக் குடும்பம். நான் மரம் ஏறுகிற மைக் செட்டு. ஆசை இருந்தது. இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் வாய் திறக்க எனக்கு யோக்கியதை ஏது?

அந்தக் கடைசிப் பாட்டு மட்டும் எங்களுக்கு நடுவில் கிடந்தது. புது மெஷினில் வைத்தால், கரகரவென்ற சத்தத்துக்கு அடியில் இரண்டு சரணம் கேட்கும். ஊர் ஊராய்த் திருவிழாக்களில் பாடப் போகிறவன் ஒருத்தன். ஒரு வீட்டைத் தாண்டிப் போகிறான். உள்ளே விளக்கு எரிகிறது. அவன் நிற்காமல் போகிறான். அதற்குமேல் என் கோடு. ஊசி வழுக்கி லேபிளில் போய் முட்டும்.

"அதுக்கப்புறம் இன்னா டீச்சர் வருது?" என்று எத்தனையோ தடவை கேட்டேன். "மறந்துபோச்சு," என்பாள்.

அறுபத்தெட்டு ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. நல்ல மழை. அன்னபுஷ்பம் டீச்சர் பேப்பர்க் கட்டின் மேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஊசி லேபிளில் முட்டியது. நான் ஊசித் தலையைத் தூக்கினேன்.

"ஞாபகம் வந்துடுச்சு," என்றாள் ரூத்.

"இன்னாது?"

"மூணாவது சரணம். அந்த வீட்டுப் பொண்ணு பதில் சொல்றா."

இங்கிலீஷில் பாடினாள். மெதுவாக, அதே மெட்டில், நாலு வரி. குரல் ஒரு இடத்தில் நடுங்கியது. பிறகு, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தமிழில் சொன்னாள். "எந்த ஊர்ல நின்னு பாடினாலும் என் வீட்டுப் பக்கமே திரும்பிப் பாடறவனே, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். கதவைச் சாத்தல. வந்து கேட்டா, இல்லேன்னு சொல்ல எனக்கு வாய் வராது."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. மேஜையை ஓங்கித் தட்டினேன்.

"அடேங்கப்பா! இன்னா மாதிரி எழுதிகீறான் பாருங்க டீச்சர் அந்த ஆளு! எங்கியோ கடலுக்கு அந்தாண்ட குந்திக்கினு, என் மனசைப் பார்த்தாப்ல எழுதிகீறானே! கெட்டிக்காரன், கெட்டிக்காரன்!"

அவள் என்னையே பார்த்தாள்.

"ஆமா. நல்லாத்தான் எழுதியிருக்கான்," என்றாள். "வேற ஒண்ணும் தோணலையா உங்களுக்கு?"

"தோணுது டீச்சர். இந்த ரெக்கார்டு இன்னொண்ணு எங்க இருந்தாலும் தேடிப் புடிச்சி, இந்தச் சரணத்தை அவன் குரல்லயே உங்களுக்குப் போட்டுக் காட்டறேன். இது சத்தியம்."

சிரித்தாள். கண் நிறைந்திருந்தது. பாட்டின் அருமை என்று நினைத்தேன். குடையை எடுத்துக்கொண்டு, அன்னபுஷ்பம் டீச்சரை எழுப்பி, மழையிலேயே போய்விட்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஜெபமணி கடைக்கு வந்தார், பாதிரியார் கொடுத்த பூட்ஸோடு. "தம்பி, பாப்பாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை செல்வநாதன், ஜாம்ஷெட்பூர்ல பெரிய கம்பெனியில வேலை. நீதான் செட் கட்டணும்." கட்டினேன். என்ன பாட்டுப் போட்டேன் என்று நினைவில்லை. கார் ஏறும்போது அவள் என் பக்கம் வந்தாள். நான் அந்த ரெக்கார்டை உறையில் போட்டு நீட்டினேன். வாங்கவில்லை.

"அது உங்ககிட்டயே இருக்கட்டும். நல்ல ரெக்கார்டு கிடைச்சா, கடைசிப் பாட்டை முழுசாக் கேளுங்க. கேட்டுட்டு எனக்குச் சொல்லி அனுப்புங்க. மறக்காம," என்றாள்.

அப்புறம்தான் என் அலைச்சல். மாதத்துக்கு ஒரு தடவை பட்டணத்துக்கு பஸ் ஏறி மூர் மார்க்கெட் போவேன். பழைய ரெக்கார்டு விற்கிற தசரதன், என்னைத் தூரத்தில் பார்த்ததுமே, "உன் மாமன் இன்னும் வரலப்பா!" என்று கத்துவான். ஹாஸ்கெல் என் மாமனாம். கப்பல்காரர்கள் விட்டுப் போனது, ஆஸ்திரேலியா போகிற சட்டைக்கார ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் போட்டுவிட்டுப் போனது என்று மலை மலையாய்க் கிடக்கும். தூசியில் தும்மித் தும்மிப் புரட்டுவேன். அவன் இல்லாவிட்டாலும் அவன் ஜாதிக்காரர்கள் கிடைப்பார்கள். தானே எழுதித் தானே பாடுகிற கிடார்க்காரர்கள், இரண்டு மூன்று பெண்கள்கூட. உறையில் ஒரு வேலி, ஒரு வண்டி, காற்றில் கலைந்த தலை. பார்த்ததும் தெரிந்துவிடும். வாங்கி வந்து கேட்பேன். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒருத்தனுக்கும் அந்த மூன்றாம் சரணம் எழுத வரவில்லை. என் மனசை அறிந்தவன் ஒரே ஒருத்தன்தான் என்று ஹாஸ்கெலை நினைத்து நினைத்து உருகுவேன்.

நடுவில் எனக்கும் கல்யாணம் ஆனது. கோவிந்தம்மா நல்லவள். இரண்டு பெண்பிள்ளைகள். நான் அந்த ரெக்கார்டை எடுத்தால், "ஆரம்பிச்சிட்டான்யா வெள்ளைக்காரன்," என்று முறத்தோடு கொல்லைப்புறம் போய்விடுவாள். டேப் ரிக்கார்டர் வந்தது. மறைமலை நகரில் கம்பெனிகள் வந்து, ஆயுத பூஜைக்குச் செட் கட்டக் கூப்பிட்டார்கள். எனக்கு முன்மண்டை வழுக்கை விழுந்தது.

ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்துமஸுக்கு ரூத் பிள்ளைகளோடு சேரப்பணஞ்சேரி வருவாள். எனக்கு அந்த நாட்களில் மூச்சுவிட நேரமிருக்காது. இருந்தாலும் போயிருக்க மாட்டேன். வெறுங்கையோடு எப்படிப் போவது? அவள் திரும்பிப் போன பிறகு, ஜனவரியில் ஒரு நாள் ஜெபமணி கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்வார். "தம்பி, பாப்பா கேக்கச் சொல்லுச்சு. அந்த ரெக்கார்டு கிடைச்சிதா?" என்பார். "இன்னும் இல்லீங்க ஐயா. தேடிக்கினுதான் கீறேன்," என்பேன். ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை.

எண்பத்திரண்டு கார்த்திகையில் தசரதனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. "மாமன் வந்துட்டான். ஓடி வா."

ஓடினேன். பெரம்பூரில் ஒரு சட்டைக்காரக் குடும்பம் வீட்டைக் காலி பண்ணியபோது வந்ததாம். ஒரு கீறல் இல்லை. தசரதன் அங்கேயே போட்டுக் காட்டுகிறேன் என்றான். அவன் ஊசியை நம்புவேனா? பட்ட கை இது. பஸ்ஸில் மடியில் பிள்ளையைப் போல வைத்துக்கொண்டு வந்தேன். கடைக்குள் வந்து, புது ஊசி மாட்டி, துணியால் இரண்டு பக்கமும் துடைத்து, கடைசிப் பாட்டில் இறக்கினேன்.

கரகரப்பு இல்லாமல் அந்தக் குரலை அந்தப் பாட்டில் அன்றைக்குத்தான் கேட்டேன். மூச்சு இழுத்தான். முதல் சரணம். இரண்டாவது. வீட்டைத் தாண்டினான். விளக்கு எரிந்தது. நிற்காமல் போனான். என் கோடு விழுந்த இடம் வந்தது.

கிடார் மட்டும் வாசித்தது. மெட்டு ஒரு சுற்று முழுசாகப் போனது, நாலு வரி நீளம். ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் மெல்லத் தேய்ந்து நின்றுவிட்டது.

தப்பான பாட்டில் வைத்துவிட்டேனோ என்று லேபிளைப் பார்த்தேன். மறுபடி போட்டேன். மறுபக்கம் திருப்பி எல்லாவற்றையும் கேட்டேன். திரும்பவும் கடைசிப் பாட்டு. அதே இடத்தில் அதே கிடார். அந்த வீட்டுப் பெண் பதிலே சொல்லவில்லை. அப்படி ஒரு சரணத்தை வெர்ன் ஹாஸ்கெல் எழுதவே இல்லை.

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஊர் ஊராய்ப் போய், எங்கே நின்றாலும் அவள் வீட்டுப் பக்கம் திருப்பினவன் யார்? அமெரிக்காக்காரனா? கதவைச் சாத்தவில்லை, வந்து கேள் என்று ஒரு பெண் என் முகத்துக்கு நேராகப் பாடியிருக்கிறாள். பாடிவிட்டு, எனக்குப் புரியாதோ என்று தமிழிலும் சொல்லியிருக்கிறாள். நான் மேஜையைத் தட்டி எவனையோ கெட்டிக்காரன் என்றேன். பதினாலு வருஷமாக அவனைக் கொண்டாடினேன். முட்டாள் பயல். என்னைச் செருப்பால் அடித்தால்கூடத் தகும். கடைக் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை.

முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லி அனுப்பு என்றாளே, எதற்கு என்று இப்போது தெரிந்தது. கேட்டேன் என்று சொன்னால் போதும், அவளுக்கு எல்லாம் விளங்கிவிடும். டிசம்பர் முழுக்க அந்த ஒரு வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கிடைச்சிது. கேட்டுட்டேன். சொல்லாவிட்டால் அவள் பாடினது காற்றில் போனதாகவே இருந்துவிடும். சொன்னால்? அங்கே அவளுக்கு மூன்று பிள்ளைகள், நல்ல மனுஷன் ஒருத்தன். இங்கே கோவிந்தம்மா. ஆனாலும் சொல்லிவிடுவது என்றுதான் முடிவு பண்ணினேன். அவளுக்கு அந்தப் பாக்கியாவது தீரட்டும் என்று நினைத்தேன்.

ஜனவரியில் ஜெபமணி வந்தார். தள்ளாமை. கைத்தடியைப் பெஞ்சில் சாய்த்து வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். டீ சொன்னேன்.

"பாப்பா வந்துட்டுப் போச்சு தம்பி. தலையெல்லாம் நரைக்க ஆரம்பிச்சிடுச்சு அதுக்கு," என்றார். "வழக்கம்போல கேட்டுச்சு. போன வருஷம் நீ சொன்னதைச் சொன்னேன். மைக் செட்டு இன்னும் தேடிக்கினுதான் கீறாராம்னு. அதைக் கேட்டா மட்டும் அந்தப் பொண்ணு முகத்துல ஒரு சிரிப்பு வருது பாரு. சின்னப் புள்ளையில அடுக்களை வாசல்ல நின்னு சிரிக்குமே, அதே சிரிப்பு. அந்தப் பாட்டுல அப்படி இன்னாதான் கீதோ!"

டீ வந்தது. அவர் ஊதி ஊதிக் குடித்தார். மேஜைக்கு அடியில் புது ரெக்கார்டு என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.

"சரி, இந்த வருஷமாச்சும் கிடைச்சிதா தம்பி?"

ரெக்கார்டை முழங்காலால் இன்னும் உள்ளே தள்ளினேன்.

"இல்லீங்க ஐயா," என்றேன். "இன்னும் தேடிக்கினுதான் கீறேன்னு சொல்லுங்க."